பெயர்ப் பலகைக்குப் பின்னே இருப்பவர் யார்?

சொந்த ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று எவரும் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. செய்தி தெரு முனையை எட்டுவதற்குள் பங்காளிகள் வாசலில் கூடிவிடுகிறார்கள். பாடைக்கு மூங்கில் வெட்டப் போகிறவர் யார், மயானத்துக்கு முன்னதாகச் சென்று விறகு அடுக்கச் சொல்கிறவர் யார், வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சொல்லி அனுப்புகிறவர் யார் என்பதெல்லாம் எழுதப்படாத ஒழுங்காகவே அங்கே நிலைத்திருக்கிறது. அந்த வேளையில் உதவிக்கு வருகிறவர்களுடைய வீடும் குலமும் குணமும் நமக்குத் தெரியும்.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்துக்குக் குடியேறிய குடும்பத்தின் நிலை அத்தகையதன்று. தில்லியிலோ மும்பையிலோ அகமதாபாத்திலோ மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நள்ளிரவில் நிற்கும் ஒருவர் கையில், யாரோ ஒருவர் ஒரு தொலைபேசி எண்ணைத் திணிக்கிறார். அந்த எண்ணுக்கு அழைத்தால் வண்டி வருகிறது, ஆட்கள் வருகிறார்கள், கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். வந்தவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், அவரை நமக்குக் காட்டிக் கொடுத்தவருக்கு அதில் ஏதேனும் ஆதாயம் உண்டா என்று கேட்கும் மனநிலை அப்போது எவருக்கும் இருப்பதில்லை. நல்ல வேளையாக, நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் மயானங்கள் நகராட்சியின் பொறுப்பிலோ அறக்கட்டளைகளின் பொறுப்பிலோ இருக்கின்றன. ஆதலால் இக்கேள்வி இங்கே ஓரளவுக்கே எழுகிறது. ஆனால், இறந்தவரின் உடலை எடுப்பதிலிருந்து எரியூட்டுவது வரையிலான காரியங்கள் பெரும்பாலும் தனியார் தொழிலாகவே மாறிவிட்ட நாடுகளில் இக்கேள்வி சட்டமியற்றும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அவ்வரலாற்றைத் தெரிந்துகொள்வது நமக்கும் பயன்தரும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்தார் பொதுவாக நாடுவது ஈமச்சடங்கு நிலையத்தை. உடலை வீட்டிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ எடுத்துச் செல்வது, சடங்கு நாள் வரையில் பாதுகாப்பது, சவப்பெட்டி தருவது, பதிவு முதலிய அலுவல்களில் உதவுவது, கல்லறைக்கோ தகன மேடைக்கோ கொண்டு சேர்ப்பது ஆகிய அனைத்தையும் அந்நிலையத்தார் ஏற்றுக்கொள்கிறார்கள். பிரிட்டனில் இவ்வாறு ஒரு நிலையத்தை அமர்த்தியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும், மிகப் பெரும்பாலான குடும்பங்கள் அவ்வாறே செய்கின்றன. லண்டன் மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல.

மற்றச் சரக்குகளை வாங்குவோருக்கும் இச்சேவையை வாங்குவோருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. துணி வாங்கச் செல்கிறவர் நான்கு கடை ஏறி இறங்குவார். பிடிக்காவிட்டால் நாளை வருகிறேன் என்று திரும்பிவிடுவார். துக்கத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வாழ்நாளில் ஓரிரு முறைதான் இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய நேர்வதால், நியாயமான விலை எது என்ற அனுபவம் அவருக்கு இராது. காலமோ நெருக்குகிறது. உடலை ஒரு நிலையத்தார் எடுத்துச் சென்றபின் வேறொருவரிடம் மாற்றுவது மனத்துக்கு ஒவ்வாத செயலாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்க்கோ தந்தைக்கோ செய்யும் கடைசிக் கடமையில் பேரம் பேசுவதை மனிதர் அவமானமாகக் கருதுகிறார்கள். ஆகவே, பெரும்பாலோர் ஒரே ஒரு நிலையத்தை மட்டும் அணுகி, அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றனர் என்பதை பிரிட்டிஷ் அரசு ஆணையம் ஒன்று தன் விசாரணையில் கண்டது. அவர்கள் எதை நம்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முன்பு நம் வீட்டுக் காரியத்தை அவர்கள்தாம் செய்தார்கள் என்ற நினைவையும், அக்கம்பக்கத்தார் சொல்லும் சொல்லையும், வாசலில் தொங்கும் பெயரையுமே நம்புகிறார்கள்.

அந்தப் பெயருக்கு நெடிய வரலாறு உண்டு. பழைய நாளில் சவப்பெட்டி செய்தவர்கள் ஊர்த் தச்சர்கள். பெட்டி செய்தவரே வண்டியும் ஏற்பாடு செய்து கொடுத்தார். காலப்போக்கில் அதுவே அவருடைய முதன்மைத் தொழிலாயிற்று. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று குடும்பத் தொழிலாக அது தொடர்ந்தது. அந்தக் குடும்பம் அதே ஊரில் வாழ்ந்தது. ஒரு வீட்டில் அநியாயமாகப் பணம் பறித்தால், மறுநாள் கடைத்தெருவில் அந்த வீட்டார் முகத்தில் விழித்தாக வேண்டும். இந்தக் கூச்சமே சட்டத்தினும் வலிய கட்டுப்பாடாக இருந்தது. பலகையில் எழுதியிருந்த குடும்பப் பெயர் அந்தக் கட்டுப்பாட்டின் அடையாளம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராபர்ட் வால்ட்ரிப் என்பவர் சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவரே. ஊர்தோறும் இருந்த குடும்ப நிலையங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிச் சேர்ப்பதே அந்நிறுவனம் கண்ட வழி. ஒரே வட்டாரத்தில் உள்ள பல நிலையங்களை வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சவ ஊர்தியும், உடலைப் பதப்படுத்தும் கூடமும், பணியாட்களும் வேண்டியதில்லை; அனைத்தையும் பொதுவில் வைத்துக்கொண்டு செலவைச் சுருக்கலாம். இவ்வாறு வளர்ந்த அந்நிறுவனம் இன்று வட அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈமச்சடங்கு நிலையங்களை நடத்துகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கடை கைமாறியது, பலகை பெரும்பாலும் மாறவில்லை. பழைய குடும்பப் பெயரே வாசலில் நீடித்தது. விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவரே பல இடங்களில் சம்பளம் பெறும் மேலாளராகத் தொடர்ந்தார். வாங்கியவர் கொடுத்த விலையில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் வண்டிக்கும் உரியதன்று. மூன்று தலைமுறையாகச் சேர்ந்த நல்ல பெயருக்கு உரியது. விலை கொடுத்து வாங்கிய அந்தப் பெயரை எந்த வணிகர்தாம் அழித்துக்கொள்வார்?

பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது என்பதாலேயே குற்றம் நேர்ந்துவிட்டது என்று கொள்வது முறையாகாது. பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெற்ற பணியாளரும் நல்ல குளிர்பதன வசதியும் இருக்கக்கூடும். சிறிய குடும்ப நிலையத்தில் அவை இல்லாமலும் போகலாம். உரிமை கைமாறியதைவிட, கைமாறியது தெரியாமல் இருப்பதிலேதான் தீங்கு விளைகிறது. அத்தீங்கு மூன்று வகையாக வெளிப்படும்.

ஒரே சாலையில் இரண்டு நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் பலகையில் ஒரு குடும்பத்தின் பெயர். மற்றதன் பலகையில் வேறொரு குடும்பத்தின் பெயர். எச்சரிக்கையுள்ள ஒருவர் இரண்டிலும் விலை விசாரிக்கிறார். இரண்டு விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் கண்டு, இதுதான் ஊர் நிலவரம் போலும் என்று அமைதியடைகிறார். இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே என்றால், அவர் செய்தது ஒப்பீடு ஆகுமா? ஒரே மனிதரிடம் இரண்டு முறை விலை கேட்டதுதான் அவர் செய்தது. இது முதல் தீங்கு. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டனாரின் காரியத்தைச் சிறப்பாகச் செய்தார்கள் என்று ஒருவர் பரிந்துரைக்கிறார். ஆனால், அந்தப் பரிந்துரைக்கு உரியவர்கள் தொழிலை விற்றுவிட்டுப் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். சம்பாதித்தவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர் என்னும் இந்நிலை இரண்டாவது தீங்கு. ஏதேனும் தவறு நேர்ந்து முறையிட வேண்டுமானால், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் எந்த நகரில் இருக்கிறார் என்றே தெரியாமற் போவது மூன்றாவது.

உரிமை எத்தனை முறை கைமாறக்கூடும் என்பதற்குக் கனடாவில் தோன்றிய லோவன் குழுமத்தின் கதை தக்க சான்று. அதுவும் நூற்றுக்கணக்கான நிலையங்களை வாங்கிக் குவித்த நிறுவனமே. மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் அதற்கும், குடும்பத் தொழில் நடத்திவந்த ஜெரமையா ஓகீஃப் என்பவருக்கும் ஒப்பந்தத் தகராறு எழுந்து வழக்காயிற்று. 1995-இல் அங்கே ஜூரியார் லோவன் குழுமம் 50 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு 17.5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 1999-இல் அந்நிறுவனம் கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. 2002-இல் ஆல்டர்வுட்ஸ் என்ற புதுப் பெயருடன் எழுந்தது. 2006-இல் அதையும் ஹூஸ்டன் நிறுவனம் வாங்கிவிட்டது. இத்தனை மாற்றங்களும் தலைமையலுவலகங்களில் நிகழ்ந்தன. பழைய பெயர் அப்படியே இருந்த ஊரில், வாசலைக் கடந்து உள்ளே சென்ற விதவைக்கு இவற்றில் எது தெரிந்திருக்கும்?

அமெரிக்காவில் இத்தொழிலைப் பற்றிய பொதுமக்களின் கவனத்தைத் தட்டியெழுப்பியது 1963-இல் ஜெஸ்ஸிகா மிட்ஃபோர்ட் எழுதிய நூல். அதன்பின் நீண்ட விசாரணை நடந்து, கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஈமச்சடங்கு விதி 1984-இல் நடைமுறைக்கு வந்தது. நேரில் வந்து கேட்போருக்கு இனவாரியான விலைப்பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். வேண்டாத சேவைகளைச் சேர்த்துக் கட்டித் தலையில் சுமத்தக் கூடாது. வேறிடத்தில் வாங்கிய சவப்பெட்டியை மறுக்கக் கூடாது என்பன அவ்விதியின் முக்கியக் கட்டளைகள். இவை நல்ல கட்டளைகளே. ஆனால், அந்த மத்திய விதி விலையைத்தான் வெளியிடச் சொல்லிற்று. நிலையத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை வெளியிடச் சொல்லவில்லை. மிட்ஃபோர்ட் தம் இறுதிக் காலத்தில் நூலைத் திருத்தியெழுதினார். அவர் மறைந்தபின் 1998-இல் வெளிவந்த அத்திருத்தப் பதிப்பில், பழைய பெயர்களுக்குப் பின்னே வளர்ந்துவிட்ட பெருநிறுவனங்களைப் பற்றியும் எழுதியிருந்தார்.

உரிமையாளர் பெயரைச் சொல் என்று நேராகக் கட்டளையிட்டது பிரிட்டன். அங்கும் கதை ஏறத்தாழ ஒன்றே. 1994-இல் ஹூஸ்டன் நிறுவனம் பிரிட்டனில் இரண்டு பெரிய ஈமச்சடங்குக் குழுமங்களை வாங்கியது. 2002-இல் அந்தப் பிரிட்டிஷ் தொழிலை அதன் நிர்வாகிகளே விலைக்குப் பெற்றார்கள். டிக்னிட்டி என்ற பெயருடன் 2004-இல் அது லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2023-இல் முதலீட்டாளர் குழு ஒன்று அதை வாங்கிப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. இவ்வளவு காலமும் அதன் கிளைகள் பலவற்றின் வாசலில் இருந்தவை பழைய உள்ளூர்ப் பெயர்களே.

2018-இல் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இத்தொழிலை ஆராயத் தொடங்கியது. சடங்கின் இன்றியமையாத சேவைகளுக்கான விலை பத்து ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. பொது விலைவாசி உயர்வைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. 2019-இல் முழு விசாரணை தொடங்கி, 2020 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளிவந்தது. விலைக்கு உச்சவரம்பு விதிப்பதைப் பற்றியும் ஆணையம் ஆலோசித்தது. கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே அதைச் செய்ய இயலவில்லை. ஆகவே, மறைவை அகற்றும் வழியை மேற்கொண்டு, 2021 ஜூன் மாதத்தில் ஆணை பிறப்பித்தது. அதன் வெளியீட்டு விதிகள் அதே ஆண்டு செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தன.

அவ்வாணையின்படி ஒவ்வொரு ஈமச்சடங்கு நிலையமும் தன் அலுவலகத்திலும், இணையதளம் இருந்தால் அதிலும், எல்லோர் கண்ணிலும் படும்படி சில செய்திகளை வெளியிட வேண்டும். அவற்றுள் முதன்மையானது, தொழிலின் இறுதி உரிமையாளர் யார் என்பது. இறுதி உரிமையாளர் என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனமும், அதை மற்றொன்றும் சொந்தமாக்கிக்கொண்டு படிப்படியாக மேலே செல்லும் அமைப்பு இக்காலத்தில் சாதாரணம். நடுப்படியில் உள்ள ஒரு பெயரைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி, மேற்படியில் இருப்பவரையே சொல்லுமாறு ஆணை கேட்கிறது.

இரண்டாவது செய்தி, விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் எதிலேனும் அந்நிலையத்துக்குப் பங்கு உண்டா என்பது. நடுநிலையானது என்று நம்பி ஒருவர் நாடும் தளமே விற்பவரின் கைப்பொருளாக இருந்தால், தராசு முள்ளைக் கடைக்காரர் விரலால் அழுத்துவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? மூன்றாவது, முதியோர் இல்லம், மருத்துவமனை போன்ற வெளியாருக்கு அந்நிலையம் கொடுத்த குறிப்பிடத்தக்க நன்கொடைகளும் பணமும். இதனுடன் ஒரு தடையும் சேர்ந்திருக்கிறது. குடும்பங்களைத் தம்மிடம் அனுப்பிவைப்பதற்காக மருத்துவமனைகளுக்கோ முதியோர் இல்லங்களுக்கோ பணம் கொடுத்து ஊக்குவிக்கக் கூடாது. மரண விசாரணை அதிகாரிக்காகவும் காவல் துறைக்காகவும் உடலை எடுத்துச் செல்லும் ஒப்பந்தத்தைப் பெற்றவர், அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி அக்குடும்பத்தாரிடம் வியாபாரம் கேட்கவும் கூடாது.

இவற்றோடு ஒரே மாதிரியான விலைப்பட்டியலும் கட்டாயமாயிற்று. சட்ட அலுவல்களைக் கவனிப்பதற்கு என்ன, உடலை எடுத்துச் செல்வதற்கு என்ன, பாதுகாப்பதற்கு என்ன, தகுந்த பெட்டிக்கு என்ன, ஊர்தியில் தகன மேடைக்குக் கொண்டுசெல்வதற்கு என்ன என்று எல்லா நிலையங்களும் ஒரே வரிசையில் காட்ட வேண்டும். விலைப்பட்டியலும் உரிமையாளர் பெயரும் ஒன்றுக்கொன்று துணையானவை. விலை மட்டும் தெரிந்து உரிமையாளர் தெரியாவிட்டால், முன்னே சொன்ன இரண்டு பலகைகளின் கதையாகிவிடும். உரிமையாளர் மட்டும் தெரிந்து விலை தெரியாவிட்டால், அந்த அறிவால் கைக்காசு மிஞ்சாது.

இந்த ஆணை எல்லாக் குறைகளையும் தீர்த்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. எழுதி வைத்திருப்பதைப் படிக்கும் தெளிவு துக்கத்தில் இருப்பவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தொலைவில் உள்ள ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பெயரைப் பார்த்து, அதிலிருந்து என்ன அறிந்துகொள்வது என்று பலர் திகைக்கக்கூடும். இங்கிலாந்தில் இத்தொழிலைத் தொடங்க உரிமம் எதுவும் வேண்டியதில்லை என்ற நிலையே 2020-இல் இருந்தது. பதிவும் தணிக்கையும் வேண்டும் என்று ஆணையம் அரசுக்குப் பரிந்துரைத்தது. பெயரை அறிவது பொறுப்பைத் தேடும் வழியில் முதற்படி. அதற்கு மேலுள்ள படிகளும் கட்டப்பட வேண்டும்.

முன்பணம் செலுத்துவோருக்கு இது இன்னும் பெரிய கேள்வி. தம் காரியத்துக்காகப் பிள்ளைகள் சிரமப்படக் கூடாது என்று எண்ணும் முதியோர், வாழும்போதே பணம் கட்டி வைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியிருக்கிறது. அங்கே பணம் கொடுப்பது இன்று. சேவை பெறுவது பத்தோ இருபதோ ஆண்டுகள் கழித்து. அதற்குள் நிறுவனம் கைமாறலாம், நொடித்தும் போகலாம். 2022-இல் பிரிட்டனில் இத்தகைய முன்பணத் திட்டம் நடத்திய ஒரு நிறுவனம் நொடித்தபோது, ஏறத்தாழ 46,000 பேர் செலுத்திய பணம் கேள்விக்குறியாயிற்று. அதே ஆண்டு ஜூலை முதல் அத்திட்டங்கள் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பின் அதிகாரத்துக்குள் கொண்டுவரப்பட்டன. தம் சாவுக்கென்று சேமித்த பணத்தை இழப்பவர், மற்ற நஷ்டங்களைப் போல அதை ஈடுகட்ட மீண்டும் உழைக்கும் வயதில் இருப்பதில்லை.

நம் நாட்டில் இவ்வளவு விரிவான விதிகளுக்கு இன்று தேவை எழவில்லை என்று சிலர் கருதலாம். எனினும், பெருநகரங்களில் இப்பணியைத் தொழிலாக மேற்கொள்ளும் தனியார் நிறுவனங்கள் நம்மிடையேயும் தோன்றி வருகின்றன. சுற்றம் சூழ வாழ்வோரைவிட, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களே அவர்களை மிகுதியாக நாட வேண்டியிருக்கிறது. ஆகவே, சட்டம் வரும்வரை காத்திராமல் நாமே கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. இந்த நிறுவனத்தை நடத்துகிறவர் யார்? இன்னின்ன பணிக்கு இவ்வளவு என்று எழுத்தில் தருவீர்களா? இந்த எண்ணை எங்களுக்குக் கொடுத்தவருக்கு நீங்கள் ஏதேனும் கொடுக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு நேரான விடை கிடைக்காமற் போகலாம். அந்தத் தயக்கத்திலிருந்தே நாம் ஒன்றை அறிந்துகொள்ளலாம்.

இக்கேள்விகளைக் கேட்க வேண்டியவர் துக்கத்தில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் மகனோ மனைவியோ அல்லர். அவர்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் நண்பர், தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், உடன் வேலை பார்ப்பவர் ஆகியோர் கேட்கலாம். இன்னும் சிறந்தது, எவர் வீட்டிலும் துக்கம் நேராத ஓர் அமைதியான நாளில், அவ்வூரில் உள்ள நகராட்சி மயானம் எது, அதன் கட்டணம் என்ன, நம்பத்தகுந்த வண்டி யாரிடம் உண்டு என்று சங்கத்தார் விசாரித்து ஒரு தாளில் எழுதி வைப்பது. சொந்த ஊரில் பங்காளிகள் நினைவிலேயே சுமந்துவந்த ஒழுங்கை, வந்த ஊரில் நாம் எழுத்தில் அமைத்துக்கொள்கிறோம். எந்த வீட்டில் நள்ளிரவில் அந்தத் தாள் தேவைப்படும் என்பது எவருக்கும் தெரியாது; தேவைப்படும் வீட்டில், அது பணத்தையும் காக்கும், மனத்தையும் காக்கும்.